காவல் நாய்க்குட்டியின் முதல் ஆறு மாதம்



நீளமான பதிவு. அடுப்பில் ஏதாவது இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படியுங்கள். "டீச்சர் ரிட்டையர் ஆகியும் பீரியடை முடிக்க மாட்டேங்கிறாங்க" என்று போன தடவை ஒருத்தன் எழுதியிருந்தான். அவனுக்கும் சேர்த்துத்தான் இந்தப் பாடம்.

தாராபுரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் என் தம்பி மகனை உங்களில் சிலருக்குத் தெரியும். நாற்பது உருப்படி வெள்ளாடு வைத்திருந்தான். போன மார்கழியில் ஒரே ராத்திரியில் தெருநாய்க் கூட்டம் பட்டிக்குள் புகுந்து ஏழு ஆட்டைக் குதறிப் போட்டுவிட்டது. அதில் இரண்டு சினை ஆடு. விடிந்ததும் எனக்குப் போன் பண்ணினான், பேச்சே வரவில்லை. பொங்கல் கழிந்ததும் ஒரு ராஜபாளையம் குட்டி வாங்கி வந்தான். வெள்ளை வெளேரென்று, மூக்கு மட்டும் ரோஜா நிறம். 45 நாள் குட்டி.

நாலாவது மாதம் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினான். பைக்கில் அவன் போகிறான். பின்னால் கயிற்றில் கட்டிய குட்டி தார் ரோட்டில் நாக்குத் தள்ள ஓடி வருகிறது. "ஸ்டாமினா ஏத்துறேன் அத்தை" என்றான். பகலெல்லாம் மோட்டார் ரூம் வாசலில் சங்கிலி. யாரும் தொடக்கூடாது, கொஞ்சக்கூடாது, அப்போதுதான் ரோஷம் வருமாம். ஒரு வருஷம் ஆனபிறகு பட்டியில் கொண்டுபோய் விடுவதாகத் திட்டம்.

"டேய், மூன்றுமே தப்புடா" என்றேன்.

"அத்தை, நீங்க சரித்திர டீச்சர். நாய்க்கும் சரித்திரம் இருக்கா?"

இருக்கிறது. நன்றாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

ரோமாபுரியில் வார்ரோ என்று ஒரு பெரியவர் இருந்தார். கி.மு. 37இல், எண்பது வயதை எட்டும்போது விவசாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். புதிதாகத் தோட்டம் வாங்கிய தன் மனைவிக்கு வழிகாட்டத் தொடங்கிய நூல் அது. அதன் இரண்டாம் பகுதியில் ஆடு மாடு பற்றிச் சொல்லிவிட்டு நாய்க்கு வருகிறார். நாயில் இரண்டு ஜாதி என்று பிரிக்கிறார்: வேட்டைக்கு ஒன்று, மந்தைக் காவலுக்கு ஒன்று. மந்தைக்கு நாய் வேண்டுமென்றால் வேட்டைக்காரனிடமும் கசாப்புக்காரனிடமும் வாங்காதே என்கிறார். வேட்டைக்காரன் நாய் மந்தையை விட்டுவிட்டு முயல் பின்னால் போய்விடும். கசாப்புக்காரன் நாய் மந்தையோடு போகவே போகாது. நிறம் வெள்ளையாக இருந்தால் நல்லது, இருட்டில் தெரியும் என்கிறார். நம் ராஜபாளையத்து வெள்ளை நினைவுக்கு வருகிறதா? செத்த ஆட்டின் கறியைக் கொடுக்காதே, ருசி கண்டுவிடும் என்பதும் அவர் சொன்னதுதான். வாற்கோதுமை ரொட்டியைப் பாலில் ஊறவைத்துக் கொடுக்கச் சொல்கிறார். கழுத்துக்கு ஆணி அடித்த தோல் பட்டை, ஓநாய் குரல்வளையைக் கவ்வாமல் இருக்க. அந்த ஆணியின் தலை நாயின் கழுத்தைக் குத்தாமல் இருக்க உள்ளே ஒரு மெத்தென்ற தோல். அந்த உள்தோலைக்கூட எழுதி வைத்த மனுஷரை எனக்குப் பிடித்துப்போயிற்று.

அவர் சொல்லும் ஒரு சம்பவம். ஒருவர் உம்பிரியா என்ற மலைநாட்டில் ஆட்டு மந்தை விலைக்கு வாங்குகிறார். ஆடுகளோடு நாய்களும் கிரயத்தில் சேர்த்தி, மேய்ப்பர்கள் சேர்த்தியில்லை. தெற்கே கடலோரம்வரை ஆடுகளைக் கொண்டுவந்து சேர்த்துவிட்டு மேய்ப்பர்கள் ஊர் திரும்பிவிட்டார்கள். சில நாள் கழித்து அந்த நாய்கள் அத்தனையும் புது எஜமானரை விட்டுவிட்டு, பல நாள் நடை தூரத்தை, வழியில் காட்டில் கிடைத்ததைத் தின்றுகொண்டு, தாமாகவே உம்பிரியாவுக்குத் திரும்பிப் போய்விட்டன. பத்திரத்தில் நாய் மாறிவிட்டது. நாய் மாறவில்லை.

இதே இடத்தில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. நாய் உன் பின்னாலேயே வரவேண்டுமென்றால் வேகவைத்த தவளை ஒன்றைத் தூக்கிப் போடு என்று சசேர்னா என்ற பழைய ஆசிரியர் சொல்லியிருந்தாராம். உம்பிரியாக்காரர்கள் யாரும் தவளை போடவில்லையே, நாய் எப்படித் திரும்பிப் போயிற்று என்று வார்ரோ கிண்டல் செய்கிறார். நம் ஊரில் மிளகாய்ப் பொடி கலந்து சோறு போட்டால் நாய்க்கு ரோஷம் வரும் என்பார்களே, அதுவும் இந்தத் தவளை வகைதான்.

வார்ரோவுக்குப் பின் ஒரு நூறாண்டு கழித்து கொலுமெல்லா. ஸ்பெயினின் காடிஸ் ஊர்க்காரர். தம்பி மகனுக்கு நான் முதலில் படித்துக் காட்டியது இவரைத்தான். குட்டிகளை முதல் ஆறு மாதம், உடம்பு உறுதிப்படும்வரை, வெளியே திரிய விடாதே என்கிறார். தாயோடு விளையாட மட்டும் விடலாம். எலும்புக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க அவரிடம் எக்ஸ்ரே கிடையாது. கண்ணால் பார்த்துச் சொன்னது. வார்ரோவும் இதை ஒட்டி ஒன்று சொல்கிறார்: குட்டிகளை உசுப்பிவிட்டு ஒன்றோடொன்று மல்லுக்கட்ட வைக்கலாம், ஆனால் களைத்துப்போகும்வரை விடாதே, களைத்தால் மந்தமாகிவிடும்.

உடனே அவன் கேட்டான்: "அந்தக் கொலுமெல்லா சங்கிலி போடச் சொல்லலையா?" வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியவன். மறைப்பானேன், சொல்லியிருக்கிறார். ஆறு மாதத்துக்குப் பிறகு பகலில் கட்டிவை, இரவில் அவிழ்த்துவிடு என்பது அவர் வாக்கு. ஆனால் ஆறு மாதத்துக்குப் பிறகு. அதற்குமுன் அந்தக் குட்டி தாயின் பக்கத்தில், ஆட்களும் கால்நடையும் நடமாடும் தொழுவத்தில் இருந்திருக்கிறது. நம்மாள் 45 நாளில் மோட்டார் ரூமில் கட்டினான்.

இந்த முதல் மாதங்களில் அப்படி என்ன இருக்கிறது என்பதற்கு நான் படித்ததிலேயே நல்ல சாட்சி சார்லஸ் டார்வின். பரிணாமம் எழுதிய அதே டார்வின்தான், ஆனால் அப்போது வயது 24. பீகிள் கப்பலில் உலகம் சுற்றப் போன வாலிபர். 1833 நவம்பரில் இன்றைய உருகுவே நாட்டில் குதிரையில் போகிறார். வீடோ மனுஷரோ இல்லாத வெட்டவெளியில், மைல் கணக்கில் தள்ளி, ஒரு பெரிய செம்மறி மந்தை. காவலுக்கு ஒன்றிரண்டு நாய் மட்டும். இது எப்படி முடிகிறது என்று ஆச்சரியப்பட்டு, ஒரு பண்ணையில் தங்கியபோது விசாரிக்கிறார்.

அவர்கள் சொன்ன முறை இது. குட்டியைக் கண் திறந்த கொஞ்ச நாளிலேயே தாயிடமிருந்து பிரித்து ஆட்டுப் பட்டியில் விட்டுவிடுவார்கள். நாளைக்கு மூன்று நாலு தடவை ஒரு தாய் ஆட்டைப் பிடித்து நிறுத்தி, குட்டிக்குப் பால் குடிக்க வைப்பார்கள். பட்டியிலேயே ஆட்டு மயிரால் அதற்கு ஒரு படுக்கை. மற்ற நாய்களோடு சேர விடுவதில்லை, வீட்டுப் பிள்ளைகளோடும் விடுவதில்லை. பெரும்பாலும் காயடித்தும் விடுவார்கள். இப்படி வளர்ந்த நாய்க்கு மந்தையை விட்டுப் போக மனசே வராது. இன்னொரு நாய் தன் எஜமானை எப்படிக் காக்குமோ அப்படி இது ஆடுகளைக் காக்கும். யாராவது மந்தையை நெருங்கினால் குரைத்துக்கொண்டு முன்னால் வரும். ஆடுகளெல்லாம் ஒரு கிடாவின் பின்னால் ஒதுங்குவதுபோல் அதன் பின்னால் கூடிவிடும்.

அடுத்த காட்சிதான் எனக்குப் பிடித்தது. இந்த நாய் தினமும் கறிக்காகப் பண்ணை வீட்டுக்கு வரும். துண்டு கிடைத்ததும், திருடிவிட்டதுபோல் வெட்கப்பட்டு ஓடும். வீட்டு நாய்கள், அதிலும் நோஞ்சான் நாய்கூட, அதை விரட்டும். மந்தையை எட்டிய கணமே இது திரும்பி நின்று குரைக்கும். அவ்வளவுதான், விரட்டி வந்தவை எல்லாம் வாலை மடக்கிக்கொண்டு ஓட்டம். பசியோடு திரியும் காட்டு நாய்க் கூட்டம்கூட, ஒரே ஒரு காவல் நாய் நிற்கும் மந்தையை அநேகமாகத் தொடுவதில்லை என்று டார்வினிடம் சொல்லியிருக்கிறார்கள்.

காட்டு நாய்க் கூட்டம். தம்பி மகன் இந்த இடத்தில்தான் போனை ஸ்பீக்கரில் போட்டு மனைவியையும் கூப்பிட்டான்.

டார்வின் சொல்லும் குறை ஒன்றும் உண்டு. இந்த நாய்கள் குட்டிப் பருவத்தில் ஆடுகளோடு விளையாடும், ஓட ஓட விரட்டும், பாவம் அந்த ஆடுகள். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருவோம்.

வேறு விதமாகவும் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அமெரிக்காவின் மெயின் மாநிலம் பார் ஹார்பரில் ஸ்காட், புல்லர் என்று இரண்டு பேர் பல ஆண்டுகள் நாய்க்குட்டிகளை வைத்து ஆராய்ந்து 1965இல் புத்தகமாக வெளியிட்டார்கள். குட்டி தன் உலகத்தில் யார் யார் சொந்தம் என்று முடிவு செய்வது ஏறக்குறைய மூன்றாவது வாரத்திலிருந்து பன்னிரண்டாவது வாரம்வரை. அந்தச் சமயத்தில் மனித வாடையே படாமல் வளர்ந்த குட்டியைப் பின்னால் பழக்குவது படாத பாடு. ஜன்னல் திறந்திருக்கும்போது காற்று வருவதுபோல, அந்த வாரங்களில் எது உள்ளே வந்ததோ அது சொந்தம்.

அந்த நாட்டிலேயே 1972இல் ஒரு சங்கடம் வந்தது. மத்திய அரசு நிலங்களில் ஓநாய், கொயோட் போன்றவற்றை விஷம் வைத்துக் கொல்வதை ஜனாதிபதி நிக்சன் தடை செய்தார். கொயோட் என்பது நரிக்கும் ஓநாய்க்கும் நடுவில் ஒரு பிராணி. ஆடு வளர்ப்பவர்கள் இனி என்ன செய்வது? ரேமண்ட் கோப்பிஞ்சர், லோர்னா கோப்பிஞ்சர் என்ற தம்பதி, மாசசூசெட்ஸ் மாநிலத்து ஹாம்ப்ஷைர் கல்லூரியில் இருந்துகொண்டு, 1970களின் பிற்பகுதியில் இத்தாலி, துருக்கி, யூகோஸ்லாவியா நாடுகளின் காவல் நாய்களைக் கொண்டுவந்து வளர்த்து, குட்டிகளைப் பண்ணைகளுக்குக் கொடுத்து, ஒவ்வொன்றும் என்ன ஆயிற்று என்று குறித்து வைத்தார்கள். ஸ்கூல் ரிஜிஸ்டர் மாதிரி. என் மாதிரி ஆட்களுக்கு அந்த வேலைமேல் ஒரு மரியாதை.

நல்ல காவல் நாய்க்கு அவர்கள் கண்ட குணம் மூன்று. மந்தையின் மேலேயே கவனம் இருக்க வேண்டும். ஆட்டுக்குத் தீங்கு செய்யாது என்று நம்பும்படி இருக்க வேண்டும். மூன்றாவதுதான் காவல். முதல் இரண்டும் அமைந்தால் மூன்றாவது வளர வளரத் தானே வருகிறது. மூர்க்கம் ஏற்றி வரவழைப்பது இல்லை. பெரும்பாலான சமயம் இந்த நாய்கள் சண்டையே போடுவதில்லை. குரைத்துக்கொண்டு எதிரே போய் நிற்கும், வந்தவனுடைய வேட்டை கலைந்துவிடும். வேட்டை கலைந்தால் போதும், ஆடு பிழைத்துவிடும்.

இப்போது அந்த விளையாட்டுக்கு வருவோம். கோப்பிஞ்சர் தம்பதியின் குட்டிகளும் டார்வின் சொன்னதையே செய்தன. ஆறேழு மாதத்திலிருந்து ஒரு வயது தாண்டும்வரை, காதைக் கடிக்கும், மயிரைப் பிய்க்கும், ஆட்டுக்குட்டியை ஓட ஓட விரட்டும். சில குட்டிகள் அதில் செத்தும் போகும். உடனே "ஆட்டைக் கொல்கிற நாய்" என்று துப்பாக்கியை எடுத்த பண்ணைக்காரர்கள் உண்டு. அது மூர்க்கம் இல்லை, பத்தாம் வகுப்புப் பையன் கடைசி பெஞ்சில் செய்கிற சேட்டை. (யார் யார் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.) அதற்குப் பல நாட்டு மேய்ப்பர்களும் கண்டுபிடித்த வைத்தியம் ஒன்றேதான்: கழுத்துப் பட்டையிலிருந்து ஒரு கட்டையைத் தொங்கவிடுவது. நடக்கலாம், படுக்கலாம், ஓடினால் கட்டை முன்னங்காலில் தட்டும். நம் ஊரில் அடங்காத மாட்டுக்குக் கட்டும் தொண்டுக்கட்டையேதான். ஒரு பெரிய நாய் கூட இருந்தால் கட்டையும் வேண்டாம், அது ஒரு உறுமலில் பாடம் நடத்திவிடும்.

ஆஸ்திரேலியாவில் ஆடு இல்லை, பென்குயின். விக்டோரியா மாநிலத்து வார்னம்பூல் ஊருக்கு எதிரே ஒரு குட்டித் தீவு, பெயர் மிடில் ஐலண்ட். கடல் வற்றும் நேரத்தில் நரிகள் நடந்தே தீவுக்குப் போய்விடும். நூற்றுக்கணக்கில் இருந்த சின்னப் பென்குயின்கள் 2005வாக்கில் பத்துக்கும் கீழே வந்துவிட்டன. கோழிப் பண்ணைக்காரர் ஒருவர், என் கோழிகளை மரெம்மா நாய் காக்கிறதே, பென்குயினும் வேறு உடை போட்ட கோழிதானே என்று யோசனை சொன்னார். 2006இல் ஆரம்பித்தார்கள். முதலில் போன ஆட்பால் என்ற நாய் அங்கே தங்கியது சில வாரம்தான். பிறகு ஆள் மாற்றி, பழக்கி, யூடி, துலா என்று ஜோடியாக வைத்தபோது நிலைத்தது. நாய்கள் இருந்த ஆண்டுகளில் பென்குயின் எண்ணிக்கை மெல்ல ஏறியது. இதைச் சினிமாவாகக்கூட எடுத்தார்கள், 2015இல். பேரப்பிள்ளைகளோடு பார்க்கலாம்.

சரி, உருகுவே முறையை அப்படியே செய்யலாமா? கூடாது. டார்வின் பார்த்த நாய், பிள்ளைகளின் பக்கமே விடாமல் வளர்ந்த நாய். வெட்டவெளிப் புல்வெளிக்கு அது சரி. தாராபுரம் தோட்டத்தில் மூன்று வயதுப் பெண் குழந்தை ஓடியாடுகிறது, பால்காரர் வருகிறார், தண்ணி பாய்ச்ச ஆள் வருகிறார். எதைக் காக்க வேண்டுமோ அதோடு குட்டி வளர வேண்டும், எதைக் கடிக்கக்கூடாதோ அதையும் பார்த்து வளர வேண்டும்.

இந்த இடத்தை எழுத எனக்குக் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது. பழைய மாணவர்கள் சிலருக்குத் தெரிந்த விஷயம்தான்.

1987இல் எங்கள் வீட்டில் ஒரு கோம்பைக் குட்டி வளர்த்தோம். செம்பழுப்பு நிறம், முகம் கறுப்பு. வீட்டில் திருட்டுப் பயம். எல்லாரும் சொன்னார்கள் என்று புழக்கடையில் கட்டிப்போட்டோம். சோறு வைக்க நான் மட்டும் போவேன். மிளகாய்ப் பொடியும் கலந்தேன், சரித்திரம் படித்தவள்தான் நானும். பகலில் யாரையும் பார்க்காது, ராத்திரி குரைக்கும். எங்களுக்குப் பெருமை. ஒன்றரை வயதில் ஒருநாள் சாயந்திரம் சங்கிலி அறுந்தது. டியூஷனுக்கு வந்த ஏழு வயதுப் பெண் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அந்த நாய் அதுவரை இவ்வளவு பக்கத்தில் ஒரு குழந்தையைப் பார்த்ததே இல்லை.

கன்னத்திலும் தோளிலும் கடி. அந்தக் காலத்து ஊசி தொப்புளைச் சுற்றிப் போடுவது. 14 நாள், தினமும் அவள் அப்பாவோடு நானும் போனேன். ஒரு நாள்கூட அவர் என்னைத் திட்டவில்லை. நாயை யாரோ தென்னந்தோப்புக்கு என்று கொண்டுபோனார்கள். அப்புறம் நான் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டும்.

அந்தப் பெண் இன்று இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். இந்தப் பதிவையும் படிப்பாள். எழுதட்டுமா என்று போன வாரம் அவளிடம் கேட்டேன். "எழுதுங்க டீச்சர், பேர் மட்டும் வேண்டாம். நாய் மேல எனக்கு இப்போ கோபம் இல்லை" என்றாள். என் மேல் இருந்ததா என்று கேட்கும் தைரியம் எனக்கு வரவில்லை.

அதனால்தான் அந்த மோட்டார் ரூம் சங்கிலியைப் பார்த்ததும் போனில் அப்படிக் கத்தினேன். தம்பி மகன் மன்னிக்கட்டும்.

இனி பைக் விஷயம். பெரிய ஜாதி நாய்க்குட்டியின் எலும்பு நுனிகள் குருத்தாக இருந்து, ஒரு வயதுக்கும் ஒன்றரை வயதுக்கும் இடையில்தான் முற்றி மூடுகின்றன. அதற்குள் ஓட்டி விரட்டினால் மூட்டு கெடும். இடுப்பு மூட்டுக் கிண்ணத்தில் எலும்பு சரியாக உட்காராத நோயை நாய்களில் முதன்முதலாக 1935இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவர் ஷ்னெல் எழுதினார். பரம்பரை அதில் பெரிய காரணம், வளர்ப்பும் காரணம். நார்வேயில் நாலு பெரிய ஜாதி நாய்களைக் குட்டியிலிருந்து பின்தொடர்ந்து பார்த்து 2012இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். முதல் மூன்று மாதம் படிக்கட்டு ஏறி இறங்கிய குட்டிகளுக்கு இந்த நோய் கூடுதல். அதே வயதில் மெத்தென்ற, கொஞ்சம் மேடு பள்ளமான மண்ணில் கயிறில்லாமல் தன் இஷ்டத்துக்குத் திரிந்த குட்டிகளுக்குக் குறைவு. நன்றாகக் கவனியுங்கள், குட்டியை அசைய விடாதே என்று யாரும் சொல்லவில்லை. ஓடத் தோன்றினால் ஓடும், களைத்தால் பொத்தென்று படுக்கும், அந்த முடிவு குட்டியின் கையில் இருக்க வேண்டும். பைக்கின் பின்னால் கட்டினால் முடிவு ஆக்ஸிலேட்டரின் கையில். தார் ரோடு வெயிலில் உள்ளங்காலும் வெந்துவிடும்.

மாதத்துக்கு ஐந்து நிமிட நடை என்று ஒரு கணக்கு ஊரெல்லாம் சொல்கிறார்கள். நாலு மாதக் குட்டிக்கு இருபது நிமிடம். அது ஆய்வில் பிறந்த கணக்கு இல்லை, கைக்கணக்கு. பைக்குக்கு அது எவ்வளவோ மேல் என்பதால் நானும் சொல்லி வைத்தேன்.

கால்சியம் டானிக் வேறு வாங்கி வைத்திருந்தான். எலும்பு பலமாகட்டும் என்று. நெதர்லாந்தின் உட்ரெக்ட் பல்கலைக்கழகத்தில் 1980களில் கிரேட் டேன் குட்டிகளுக்குக் கால்சியம் கூடுதலாகக் கொடுத்துப் பார்த்தபோது எலும்பு வளர்ச்சி கோணலாகத்தான் போயிற்று. குட்டிக்கு ஏற்ற சரியான தீனி இருந்தால், டாக்டர் சொல்லாமல் டானிக் வேண்டாம். தடுப்பூசிக்குப் போனபோது அங்கிருந்த கால்நடை டாக்டரும் இதையேதான் சொல்லியிருக்கிறார். நான் சொன்னபோது ஏறாதது டாக்டர் சொன்னதும் ஏறிவிட்டது. பரவாயில்லை.

இப்போது குட்டிக்கு ஆறு மாதம். பட்டியின் ஒரு மூலையில் மூங்கில் படல் வைத்து அடைத்து, ஆடுகளின் மூச்சுக்காற்று படும்படி அதற்கு இடம் செய்திருக்கிறான். பன்னிரண்டு வாரம் தாண்டித்தான் ஆட்டைப் பக்கத்தில் பார்த்தது என்பது ஒரு குறைதான், கொஞ்சம் அதிகம் மெனக்கெட வேண்டும். காலையும் மாலையும் கயிற்றில் பிடித்துக்கொண்டு மந்தையோடு மெதுவாக ஒரு சுற்று. மேய்ச்சலுக்கு ஆடு நின்றால் இதுவும் நிற்கும், உட்காரும். அதுதான் அதன் உடற்பயிற்சி, அதுவேதான் பாடமும். பயந்த ஆட்டோடு விடாமல், முட்டுகிற ஒரு கிழட்டு வெள்ளாட்டோடு முதலில் விடச் சொன்னேன். இரண்டு முட்டு வாங்கியதும் மரியாதை வந்துவிட்டதாம். குழந்தை பக்கத்தில் இருக்கும்போது பெரியவர் ஒருவர் கட்டாயம் நிற்க வேண்டும் என்பது என் கண்டிப்பு. கட்டை ஒன்றையும் செதுக்கி வைத்திருக்கிறான், சேட்டைக் காலம் இனிமேல்தானே.

பெயர்தான் பாக்கியாக இருந்தது. இதற்கும் கொலுமெல்லாவிடம் பதில் உண்டு. நாய்க்கு நீளமான பெயர் வைக்காதே, கூப்பிட்டால் சட்டென்று கேட்க வேண்டும், இரண்டு அசை போதும் என்கிறார். நான் நம் ஊர்ச் சரித்திரத்திலிருந்து ஒரு பெயர் சொன்னேன். திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் ஒரு நடுகல் இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டு, முதலாம் மகேந்திரவர்மன் காலத்தது. எருமை மந்தையைக் காக்கப் போய் உயிர்விட்ட வீரனுக்கு எடுத்த கல். அந்தக் கல்லில் வீரனுக்குப் பின்னால் ஒரு நாயும் நிற்கிறது. கள்ளர்களைக் கடித்துக் காவல் நின்றது என்று அந்த நாய்க்கும் தனியாகக் கல்வெட்டு, பெயரோடு. கோவிவன். ஒன்பதாம் வகுப்பில் நடுகல் பாடம் நடத்தும்போதெல்லாம் இந்தப் பெயரைச் சொல்லிவிட்டு நான் ஒரு நிமிடம் நிறுத்துவேன், ஞாபகம் இருக்கிறதா?

"மூணு அசை வருதே அத்தை, உங்க ரோமாபுரிக்காரர் ஒத்துக்க மாட்டாரே" என்றான். கடைசியில் குழந்தைதான் சுருக்கிவிட்டாள். கோவி.

கூப்பிட்டால் தலையைத் திருப்பிப் பார்க்கிறதாம். வருவது மட்டும் அதன் இஷ்டம்.